கேமராவை நேரில் ஆஜர்படுத்துக

பார்வைக்கோண வாரியத்தின் கட்டடத்துக்குள் நுழைகிற எவரும் முதலில் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். மரியாதைக்காக அல்ல. முதல் மாடியில் இருக்கும் அதிகாரிகள் தரையில் போட்டிருக்கும் ஓட்டை வழியாகத்தான் கீழே பார்ப்பார்கள். அந்த நேரத்தில் விண்ணப்பதாரர் அண்ணாந்துவிட்டால் அவர் முகம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். முகம் தெரிந்துவிட்டால் விண்ணப்பம் செல்லாது.

அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறவள். உடைந்த கண்ணாடியைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கண்ணாடி ஒட்டுவது அவள் வேலை. அன்றைக்குக் கடையில் லீவு சொல்லிவிட்டு, கைப்பைக்குள் ஒரு பென் டிரைவை வைத்துக்கொண்டு, அதை நொடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"குனிஞ்சுக்கங்கம்மா," என்றார் வாசல் காவலாளி.

"எதுக்குண்ணே?"

"எதுக்குன்னு நானும் கேட்டேன். உள்ள கிளார்க்கா இருந்தேன் அப்போ. கேட்டதுக்கப்புறம்தான் வாசல்ல போட்டுட்டாங்க."

அக்கா குனிந்துகொண்டாள்.

பென் டிரைவில் இருந்தது ஒரு வீடியோ கேம். பாத்திரமேற்று ஆடுகிற வகை என்பார்களே, அந்த வகை. ஒரு ஆளாக நாம் மாறி, அந்த ஆளின் காரியங்களைச் செய்துகொண்டு போக வேண்டும். அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து உண்டாக்கியது. கணக்கும் கட்டளையும் அக்கா எழுதினாள். படம் எல்லாம் தங்கச்சி போட்டாள்.

தங்கச்சியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. தூக்கிக்கொண்டு இறங்கக் கூடிய வயதைத் தாண்டிய பிறகு அவள் கீழே இறங்கவில்லை. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து தெருவைப் பார்த்தால் என்ன தெரியும்? உச்சந்தலைகள் தெரியும். தங்கச்சிக்குத் தெருவில் உள்ள அத்தனை பேரையும் உச்சந்தலையை வைத்துத் தெரியும். மூலையில் பெட்டி போட்டுச் சாவி செய்கிறவருக்கு வழுக்கை. ஆனால் நட்ட நடுவில் துடைக்க மறந்த மை மாதிரி ஒரு பொட்டு முடி. வெயிலோ மழையோ குடையோடு போகிற ஒரு அம்மாவின் கறுப்புக் குடையில் நீலத் துணி ஒட்டு. ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார். மேலே மட்டும் பார்க்க மாட்டார்.

யாருமே பார்க்க மாட்டார்கள். தெருவில் நடக்கிறவனுக்கு மேலே பார்க்க என்ன வேலை கிடக்கிறது?

அக்கா மட்டும் பார்ப்பாள். வேலை முடிந்து வரும்போது தங்கச்சி சட்டென்று கண்டுபிடிக்கட்டும் என்று தலையில் ஒரு மஞ்சள் கிளிப் போட்டுக்கொள்வாள், பக்கவாட்டில் அல்ல, உச்சியில். "ஏண்டி, ஆகாயத்துக்கா கிளிப்பக் காட்டுற?" என்று கடையில் கேலி செய்வார்கள். கிட்டத்தட்ட அப்படித்தான்.

கேமும் அதுதான். திரையில் ஒரு தெரு, மேலிருந்து பார்த்தபடி. அதில் மஞ்சள் கிளிப் போட்ட ஒரு பெண்ணை நாம் நடத்திக்கொண்டு போகலாம். அவள் தெருக்காரர்களுக்குச் சின்னச் சின்ன உதவிகள் செய்வாள். தொலைந்ததைத் தேடித் தருவாள், மறந்ததைக் கொண்டு போய்க் கொடுப்பாள். கூரைக்கு அடியில் போனால் அவள் தெரிய மாட்டாள். வெளியே வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். ஒருவருக்கு உதவி முடிந்ததும் அவர் ஒரே ஒரு தடவை அண்ணாந்து மேலே பார்ப்பார். அப்போதுதான் அவருக்கு முகம் இருப்பது நமக்குத் தெரியவரும். அதுவரைக்கும் வெறும் தலை. எல்லாருக்கும் எல்லாம் செய்து முடித்துவிட்டால் தெரு மொத்தமும் ஒன்றாக நின்று மேலே பார்க்கும். அதோடு முடிந்தது. கத்தி கிடையாது, அரக்கன் கிடையாது.

"யாராவது ஒருத்தர் இத ஆடி முடிச்சாங்கன்னு வை," என்றாள் தங்கச்சி ஒரு நாள், தலையணை உறையின் நூலைப் பிடுங்கிக்கொண்டே. "அடுத்த நாள் அவங்க தெருவுல போறப்போ ஒரு தடவையாவது மேல பாப்பாங்கல்லக்கா?"

"பாப்பாங்கடி."

"நம்ம தெருவா இருக்கணும்னு இல்ல. எந்தத் தெருவா இருந்தாலும் சரி."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் வாரியத்தின் சான்றிதழ் இல்லாமல் எந்தக் கேமையும் எந்தக் கடையிலும் ஏற்ற முடியாது என்று சட்டம் இருந்தது.

சட்டம் வந்த கதை சுருக்கமானது. ஒரு காலத்தில் ஆடுகிறவர்கள் ஆடினார்கள். கேமரா எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. பிறகு அறிஞர்கள் கூடினார்கள். மேலிருந்து பார்ப்பதுதான் உண்மையான பாத்திர விளையாட்டு, மற்றதெல்லாம் போலி என்றார் ஒருவர். நாயகனின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்காதவன் நாயகனோடு பயணப்பட்டவனே அல்ல என்றார் அடுத்தவர். நாயகனின் கண்ணாகவே மாறிப் பார்க்காவிட்டால் அது பாத்திரமே இல்லை, பொம்மலாட்டம் என்றார் மூன்றாமவர். நாற்காலிகள் பறந்தன. அரசாங்கம் தலையிட்டு, மூவருக்கும் ஆளுக்கொரு தளம் கட்டிக் கொடுத்தது. அந்தக் கட்டடத்தின் நெற்றியில் 'கேமரா எங்கே, நீ அங்கே' என்று பித்தளையில் பொறித்தார்கள்.

முதல் மாடி, மேல்நோக்குப் பிரிவு. விண்ணப்பதாரர்கள் மாடி ஏற வேண்டியதில்லை. கீழே கூடத்தில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் நிற்க வேண்டும். கேமின் நகலை வாசலிலேயே எடுத்து மேலே அனுப்பிவிடுவார்கள். மேலே ஓட்டையிலிருந்து குரல் வரும்.

"யாரது வட்டத்துல? கொஞ்சம் இடப்பக்கமா நகருங்க. நகர்ந்தாத்தான் உயிர் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்."

அக்கா நகர்ந்தாள்.

"நல்லது. பாருங்கம்மா, எங்க பிரிவோட பெருமை என்னன்னா சமத்துவம். இங்கேருந்து பாத்தா பணக்காரன் ஏழை கிடையாது, சிரிக்கிறவன் அழுகிறவன் கிடையாது. எல்லாம் தலைதான். போன வருஷம் ஒருத்தர் அதே வட்டத்துல படுத்துட்டார். ஓய்வெடுக்கிறார்னு விட்டுட்டோம். நாத்தம் வந்தப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. ஆனா அதுவரைக்கும் அவருக்கும் மத்த விண்ணப்பதாரர்களுக்கும் நடுவுல நாங்க ஒரு சின்னப் பாகுபாடுகூடக் காட்டல."

அக்காவின் கால் தானாக வட்டத்தின் விளிம்புக்கு நகர்ந்தது. "சார், எங்க கேமும் மேலேருந்துதான் சார் பாக்கும். உங்க பிரிவுதான்."

"போட்டுப் பாத்தோம்மா. எல்லாம் சரியா இருக்கு. ஆனா அதுல வர்றவங்க மேல பாக்கறாங்களே."

"ஆமா சார். அதுதான் சார் கேமே."

மேலே நாற்காலி கிறீச்சிட்டது. "அண்ணாந்து பாக்கறது ஒழுங்கீனம்மா. நாம மேலேருந்து பாக்கறோம்ங்கறது கீழ இருக்கிறவனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவன் தலைய வாரிக்குவான். அப்புறம் நாம பாக்கறது உண்மையா பொய்யா? இது எங்க பிரிவு இல்ல. ரெண்டாவது மாடிக்குப் போங்க."

'சரி சார்' என்று சொல்ல வந்தவள் பழக்கதோஷத்தில் அண்ணாந்துவிட்டாள். ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. அது பதறிப் பின்வாங்கியது. அன்றைய விண்ணப்பம் ரத்து. இன்னொரு நாள் வந்து புதிதாகப் போட வேண்டும் என்று ஒரு சீட்டு மட்டும் ஓட்டை வழியாக இறங்கி வந்தது.

மறுபடியும் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்து புது விண்ணப்பம் போட்டாள். இரண்டாவது மாடி, பின்தோள் பிரிவு. அங்கே அறைகள் கிடையாது, ஒரே ஒரு நீள நடை. விண்ணப்பதாரர் முன்னால் நடக்க, அதிகாரி அவருடைய வலது தோளுக்கு அரை முழம் பின்னாலேயே நடந்து வந்து விசாரிப்பார். திரும்பிப் பார்க்கக் கூடாது. நிற்கவும் கூடாது.

"வேகமா நடங்க மேடம், வேகமா. கூந்தல் ஆடட்டும்," என்றது பின்னாலிருந்து ஒரு கனிவான குரல்.

நடை ஓரிடத்தில் மூலையாகத் திரும்பியது. அக்கா தடுமாறி மூலையில் நின்றுவிட்டாள். அதிகாரி நிற்கவில்லை. அவர் மோவாய் அவள் தலைமேல் வந்து உட்கார்ந்தது. கிளிப் குத்தியிருக்க வேண்டும், மெதுவாக முனகினார்.

"மன்னிக்கணும். மூலையில மாட்டிக்கிட்டா நாங்க உங்க தலைக்குள்ள வந்துடுவோம். பழைய கோளாறு, சரி பண்ண முடியல. நடங்க. ஆமா, முதுகுல ஏன் ஒண்ணுமே இல்ல?"

"என்ன சார் இருக்கணும்?"

"வாள், கேடயம், மேலங்கி, குறைஞ்சது ஒரு நல்ல பை. ஆடறவன் ராத்திரி பகலா உங்க முதுகத்தான் பாத்துக்கிட்டிருக்கப் போறான். வெறும் முதுகப் பாக்க யாரு வருவா? முகம்லாம் வியாபாரத்துக்கு ஆகாது மேடம். முகத்தப் பாத்தா இரக்கம் வரும். முதுகப் பாத்தா ஆசை வரும், இந்த மேலங்கிய எங்க வாங்கினான்னு."

அக்கா நடந்தாள். பின்னாலிருந்து குரல் இன்னும் கனிந்தது.

"சொந்த விஷயம் சொல்றேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து என் சம்சாரத்த நான் பின்னாலேருந்துதான் பாக்கறேன். தொழில் பழக்கம். அவ சிரிக்கிறாளா அழறாளான்னு எனக்குத் தெரியாது. தோள் குலுங்கும், அவ்வளவுதான். ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் குலுங்கும். எவ்வளவு நிம்மதியா இருக்கேன் தெரியுமா?"

அக்கா தன்னையறியாமல் தோளை இறுக்கிக்கொண்டாள். நடையின் கடைசிக்கு வந்ததும் அவர் தீர்ப்பைச் சொன்னார். முதுகு இல்லாத நாயகி அவர் பிரிவில் சேர மாட்டாள். ஒருவேளை கண்வழிப் பிரிவு ஏற்றுக்கொள்ளலாம். நிலவறைக்குப் போக வேண்டும்.

நிலவறையில் விளக்கு கிடையாது. வாசலிலேயே தலையில் ஒரு அட்டைப் பெட்டியை மாட்டிவிட்டார்கள். அதில் கண்ணுக்கு நேரே ஒரு கீறல். அதன் வழியாகப் பார்த்தால் எதிரே நீட்டிய தன் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. கைகளை இறக்கக் கூடாது. இறக்கினால் எந்த விளையாட்டில் இருக்கிறோம் என்பது மறந்துவிடுமாம்.

"பயப்படாதீங்க," என்றது இருட்டு. அது ஒரு பெண் அதிகாரி. "இங்க வந்துட்டா நீங்கதான் நாயகி. உங்களுக்கு மூஞ்சி இல்ல, காலு இல்ல, குனிஞ்சு பாத்தா உடம்பே இருக்காது. ஆனா எல்லாமே உங்களச் சுத்தித்தான் நடக்கும். நீங்க பாக்காத நேரத்துல இந்த உலகத்துல எதுவுமே இருக்காது. எவ்வளவு பெரிய கௌரவம் பாருங்க."

"கை வலிக்குது மேடம்."

"எல்லாருக்கும் வலிக்கும். ஆனா எனக்கு வலிக்கறதுதான் எனக்குத் தெரியும். அதான் இந்தப் பிரிவோட தத்துவம். கழிப்பறையில முன்னல்லாம் கண்ணாடி மாட்டியிருந்தோம். அதுல யாருமே தெரியல. சில ஊழியர்கள் கொஞ்சம் அழுதாங்க. எடுத்துட்டோம். இப்போ யாரும் அழறதில்ல. சரி, ஒரே ஒரு கேள்வி. இது எங்க மூணு பிரிவுலயும் பொதுக் கேள்வி. உங்க கேம்ல கேமரா யாருடையது?"

எல்லாரும் இதற்கு 'யாருடையதும் இல்லை' என்றுதான் சொல்வார்கள். காவலாளியைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார். அக்கா கேட்கவில்லை. கை கடுத்தது, பெட்டிக்குள் மூச்சு முட்டியது, கேள்வியோ அவளுக்குத் தெரிந்த கேள்வி.

"என் தங்கச்சியோடது," என்றாள்.

இருட்டில் பேனா கீழே விழுந்த சத்தம் கேட்டது.

வாரியம் தொடங்கிய நாளிலிருந்து மூன்று பிரிவும் ஒரே மேசையில் உட்கார்ந்ததில்லை. அந்த வாரம் உட்கார்ந்தார்கள். வீட்டுக்கு ஒரு ஓலை வந்தது. வாசகம் ஒரே வரி: கேமராவை நேரில் ஆஜர்படுத்துக.

"என்னையா கூப்பிடறாங்க?" என்றாள் தங்கச்சி. பயந்தாள். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. துவைத்து மடித்து வைத்திருந்த பச்சைச் சட்டையை எடுத்துத் தரச் சொன்னாள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கயிற்றால் இடுப்பைக் கட்டி, அக்கா ஒரு பக்கமும் ரிப்பேர் கடை முதலாளி ஒரு பக்கமுமாகத் தூக்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் முதலாளிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்ததும் கீழேயிருந்து ஒருவர் ஓடிவந்து பிடித்தார். வாசலில் நாற்காலியை இறக்கி வைத்ததும் தங்கச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரென்று தெரியவில்லை. நாற்காலியிலிருந்து பார்த்தால் தெருவில் யாரையுமே தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் இடுப்பும் பையும் மூக்கு ஓட்டைகளும்.

"அண்ணே, ஒரு நிமிஷம் குனியறீங்களா?"

"ஏம்மா, ஏதாவது விழுந்துடுச்சா?" அவர் குனிந்தார்.

"ஓ, சாவிக்கார அண்ணனா," என்றாள் தங்கச்சி. முகம் மலர்ந்துவிட்டது. "அந்தப் பொட்டு முடிக்குப் பக்கத்துல ஒரு தழும்பு இருக்குமே. மழை வர்ற மாதிரி இருந்தா அதத் தடவிக்குவீங்களே."

சாவிக்காரர் தன் தலையைத் தொட்டுப் பார்த்தார். "அது என் பொண்டாட்டிக்கே தெரியாதேம்மா. நீ எங்கேருந்து பாத்த?"

"மேலேருந்துதான். அதோ, அந்த ஜன்னல்."

அவர் திரும்பிப் பார்க்கத்தான் நினைத்தார். அதற்குள் நாற்காலியைத் தோள் கொடுத்துத் தூக்கியாகிவிட்டது, கழுத்து திரும்பவில்லை. "அப்புறமாப் பாக்கறேம்மா," என்றார்.

விசாரணைக் கூடத்தில் தலைவர் திரைக்குப் பின்னால் இருந்தார். எந்தக் கோணத்துக்கும் சார்பில்லாதவர் என்பதால் அவரை எந்தக் கோணத்திலிருந்தும் யாரும் பார்த்ததில்லை. முன்னால் மூன்று அதிகாரிகள். கேமராவை எங்கே வைப்பது என்பதில் மதியம் வரை சண்டை நடந்தது. ஒருவர் அலமாரியின் மேல் ஏற்றச் சொன்னார். ஒருவர் தன் முதுகுக்குப் பின்னால் போடச் சொன்னார். கடைசியில் நடுவில் தரையிலேயே விட்டார்கள்.

"நீங்கதான் கேமராவா?"

"ஆமா... ஜன்னல்ல நான்தான் இருப்பேன் சார்."

"இப்போ என்ன தெரியுது உங்களுக்கு?"

தங்கச்சி சுற்றிலும் பார்த்தாள். "பெல்ட்டு தெரியுது. தொப்பை தெரியுது."

"உச்சந்தலை?"

"தெரியல சார். கீழ இருக்கேன்ல."

"குறிச்சுக்குங்க," என்றார் முதல் மாடி அதிகாரி. "கேமரா தன் கோணத்தைத் தானாகவே கைவிட்டது."

"சார், நீங்க வரச் சொன்னதாலதான் தூக்கிக்கிட்டு வந்தோம்," என்றாள் அக்கா.

"அதையும் குறிச்சுக்குங்க. கேமராவைத் தூக்கியது விண்ணப்பதாரரேன்னு ஒத்துக்கறாங்க."

திரைக்குப் பின்னால் தலைவர் தொண்டையைக் கனைத்தார். கூடம் அடங்கியது.

"பாரும்மா. எனக்கும் பெண் பிள்ளைகள் இருக்காங்கன்னு சொல்றாங்க. அதனால பக்குவமாவே சொல்றேன். கேமராங்கறது ஒரு இடம். ஆள் இல்ல. ஆடறவன் அந்த இடத்துல வந்து உக்காந்துக்கணும். உள்ள ஏற்கெனவே ஒருத்தி உக்காந்திருந்தா அவன் எங்க போவான்? அதுகூடப் போகட்டும். உன் கேமராவுக்கு ஆசை இருக்கு. யாராவது தன்னப் பாக்கணும்னு அது நினைக்குது. இத்தனை காலத்துல நாங்க எத்தனையோ கேமராவுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கோம். சுவத்துல புகுந்த கேமரா உண்டு, தலைகீழாப் போன கேமரா உண்டு. தன்னப் பாருங்கன்னு கெஞ்சற கேமராவ நாங்க பாத்ததே கிடையாது. பாத்தா, திரும்பி ஏதாவது செய்ய வேண்டி வருமேம்மா. செய்யறது எங்க வேலை இல்லையே. எங்க வேலை பாக்கறது."

தீர்ப்பு அன்றே வந்தது. கேமை நிராகரிக்கவில்லை, வாரியம் அவ்வளவு கல்நெஞ்சக்காரர்களின் கூட்டம் அல்ல. கேமராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தால் சான்றிதழ் உண்டு. ஆனால் மூன்றாவது மாடி ஜன்னல் இதுவரை உரிமம் பெறாத கேமராவாக இயங்கியிருக்கிறது என்பது கேமரா தரப்பின் வாக்குமூலத்திலேயே நிரூபணமாகிவிட்டது. ஆகவே சான்றிதழ் செல்லுபடியாகிற காலம் முழுவதும் அந்த ஜன்னலில் மங்கல் கண்ணாடி பொருத்தி, திருகாணி போட்டு, முத்திரை வைக்க வேண்டும். முத்திரை உடைந்தால் சான்றிதழ் ரத்து.

அக்கா வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி கேட்டாள். "சார், கடைசில எல்லாரும் மேல பாக்கறது இருக்கும்ல?"

"இருக்கட்டும். அதுல எங்களுக்கு ஆட்சேபம் இல்ல."

"அப்போ சரிங்க சார்."

வீட்டில் அக்கா குதித்தாள். "யாரக் கேட்டு சரின்ன? ஜன்னல மூடிட்டா நீ நாள் பூரா எதப் பாப்ப?"

"கேம் வெளிய போகும்ல."

"சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பியா?"

"ஒரு ஜன்னல் போனா, எத்தனையோ பேரு எத்தனையோ ஜன்னல அண்ணாந்து பாப்பாங்கக்கா. கணக்குப் போட்டுப் பாரு. லாபம்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கேமராவை இறக்கினார்கள். அதாவது அக்கா கட்டளையில் சில எண்களை மாற்றினாள், அவ்வளவுதான். தெரு இன்னொரு தெருவாகிவிட்டது. மேலிருந்து பார்த்தபோது எல்லாரும் இருந்த இடத்தில் இப்போது ஒரு முதுகு இருந்தது. அதைச் சுற்றி மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். சுவர்கள் வேண்டியிருந்தன, கதவுகள் வேண்டியிருந்தன. கூரைகளை மட்டுமே வரைந்து பழகிய தங்கச்சி கேட்டாள்.

"சாவிக்கார அண்ணன் பெட்டிக்குப் பின்னாடி இருக்கிற கதவு என்ன கலருக்கா?"

அக்கா யோசித்தாள். தினமும் அதைத் தாண்டித்தான் போய்வருகிறாள். "தெரியலடி."

வாரியத்திலிருந்து அங்கீகரிக்கப்பட்ட கதவுகளும் சுவர்களும் வந்து சேர்ந்தன. தெருக்காரர்கள் எல்லாருடைய முகங்களும் முதலிலிருந்தே தெரிந்தன. அதனால் உதவி செய்து முகம் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. உச்சியில் இருந்த மஞ்சள் கிளிப் இந்தக் கோணத்தில் தெரியவே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சிவப்பு மேலங்கி பரிந்துரைக்கப்பட்டது. கடைசிக் காட்சியில் தெரு மொத்தமும் அண்ணாந்து பார்த்தபோது வரிசையாகத் தொண்டைகள் தெரிந்தன. அவர்கள் பார்த்த இடத்தில் வானம் மட்டும் இருந்தது.

ஜன்னலுக்கு வந்த ஆட்கள் நல்லவர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். "வெளிச்சம் நல்லா வரும்மா, கவலப்படாத," என்று சொல்லிக்கொண்டே மங்கல் கண்ணாடியைப் பொருத்தினார்கள். வெளிச்சம் நன்றாகத்தான் வந்தது.

கேம் வெளியே போயிற்று. ஆடினவர்கள் கருத்து எழுதினார்கள். மேலங்கி அருமை என்று பலர். மேலங்கி இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கலாம் என்று சிலர். ஒருவர் எழுதினார்: 'கடைசியில எல்லாரும் எதுக்கு மேல பாக்கறாங்க? அங்க ஒண்ணுமே இல்ல. பிழைபோல.' அதற்குக் கீழே, தங்களுக்கும் அந்தப் பிழை வந்தது என்று வரிசையாக எழுதியிருந்தார்கள்.

வாரியம் சுறுசுறுப்பானது. பிழையை உடனே திருத்தும்படி ஓலை வந்தது. திருத்தத்தையும் அவர்களே சொல்லியிருந்தார்கள். கடைசிக் காட்சியில் தெருக்காரர்கள் நாயகியின் மேலங்கியைப் பார்த்துக் கைதட்டலாம்.

அக்கா அந்த ஓலையைக் கசக்கி எறிந்துவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த திருப்புளியை எடுத்தாள்.

"என்ன பண்ணப் போற?" என்றாள் தங்கச்சி.

"இதக் கழட்டப் போறேன். போதும்."

"வேணாம்க்கா. இதக் கழட்டினா கேம் போயிரும்."

"எந்தக் கேமுடி? அது நம்ம கேமா?"

"தெரு நம்ம தெருதானே," என்றாள் தங்கச்சி. "பேருகூட மாத்தல. மேலங்கிக்காகவாவது யாரோ அங்க நடக்கறாங்கல்ல. இருக்கட்டுமே."

அக்கா திருப்புளியைக் கைப்பையில் போட்டாள். கைதட்டலை எழுதிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தங்கச்சி பகலெல்லாம் அந்தக் கேமையே ஆடினாள். வேறு பார்க்க என்ன இருந்தது? மஞ்சள் கிளிப் போட்டிருந்த பெண் சிவப்பு மேலங்கியோடு முன்னால் நடப்பாள், தங்கச்சி பின்னாலேயே போவாள். அவளைத் திருப்பினால் கேமராவும் சேர்ந்து திரும்பும், மறுபடியும் முதுகு.

"இதுல உன் மூஞ்சியப் பாக்கவே முடியலக்கா," என்றாள் ஒரு தடவை. குறை சொல்கிற குரலில்கூட அல்ல.

ஒரு நாள் மாலை அக்கா வேலை முடிந்து தெருமுனை திரும்பினாள். கிளிப் உச்சியில்தான் இருந்தது. யாருக்காக என்று அவள் யோசிக்கவில்லை, கை தானாகப் போட்டிருந்தது. சாவிக்காரர் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். வானம் இருண்டு வந்தது. அவர் தலையைத் தடவினார். தடவின கை அப்படியே நின்றது.

"ஏம்மா," என்றார், "அன்னிக்குத் தங்கச்சி ஒரு ஜன்னல் காட்டிச்சே. எதும்மா அது?"

அக்கா பதில் சொல்வதற்குள் அவர் அண்ணாந்துவிட்டார். கையை நெற்றியில் வைத்துத் தேடினார். பக்கத்தில் போன குடைக்கார அம்மா, இவர் எதைப் பார்க்கிறார் என்று நின்று, குடையைச் சாய்த்து அவரும் பார்த்தார். தொப்பிக்காரர் சொறிவதை நிறுத்திவிட்டு நின்றார். தெரு அப்படித்தான், ஒருவர் பார்த்தால் இரண்டு பேர் பார்ப்பார்கள், இரண்டு பேர் பார்த்தால் வண்டி நிற்கும். வண்டிகள் நின்றன. கடைக்குள் இருந்தவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். பேச்சு ஒவ்வொன்றாக ஓய்ந்தது. தெரு மொத்தமும் மூச்சுக் காட்டாமல் அண்ணாந்து நின்றது.

கீழே நின்ற அக்காவுக்குத் தொண்டைகள் தெரிந்தன, வரிசையாக.

சாவிக்காரர் மேலே பார்த்துக் கையை ஆட்டினார். மூன்றாவது மாடியில் ஒரு வெள்ளைச் சதுரம் இருந்தது. அதன் மூலையில் வாரியத்தின் முத்திரை.

"என்னய்யா அங்க?" என்றார் யாரோ.

"ஒரு பொண்ணு இருக்கு."

"எங்க? ஒண்ணும் காணோமே."

"இருக்குப்பா, அதுவே சொன்னுச்சே." சாவிக்காரர் இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டிப் பார்த்தார். பிறகு கழுத்தைப் பிடித்துக்கொண்டு கையை இறக்கினார். ஒரு வண்டி ஹாரன் அடித்தது. தலைகள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. தெரு நடக்கத் தொடங்கியது.

அக்காவின் கை பைக்குள் இருந்தது, திருப்புளியின் மேல். மூன்று மாடி ஏற வேண்டும். ஏறிக் கழற்றுவதற்குள் தெருவில் உச்சந்தலைகள்தான் இருக்கும். அது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் ஓடித்தான் ஏறினாள்.

தங்கச்சி கட்டிலில் சாய்ந்து கேம் ஆடிக்கொண்டிருந்தாள். அக்கா மூச்சிரைக்க வந்து நிற்பதைப் பார்த்துத் தலையைத் தூக்கினாள்.

"கீழ ஏன்க்கா திடீர்னு சத்தமே இல்லாமப் போச்சு? என்ன ஆச்சு?"

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். மங்கல் கண்ணாடியில் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது.

"ஒண்ணுமில்லடி," என்றாள். "சிக்னல் போட்டிருந்தான்."

"ஓ," என்றாள் தங்கச்சி. திரைக்குத் திரும்பினாள். அங்கே தெரு மொத்தமும் நின்று, ஒரு சிவப்பு மேலங்கியைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது.